கல்கத்தா முதல் சிங்கப்பூர் வரை: ஒரு சதுரங்கத் தொடக்கத்தின் வரலாறு

2024 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12 ஆம் நாள், சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில், உலகச் சதுரங்கப் பட்டத்திற்கான பதினான்காவது ஆட்டம் நடைபெற்றது. வெள்ளைக் காய்களுடன் அமர்ந்தவர் அப்போதைய உலக வீரராகிய சீனத்துத் திங் லிரென். கறுப்புக் காய்களுடன் எதிரே அமர்ந்தவர் சென்னையில் பிறந்து வளர்ந்த தொ. குகேஷ், அகவை பதினெட்டு. அதற்கு முந்திய பதின்மூன்று ஆட்டங்களின் முடிவில் இருவரும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி பெற்றுச் சமமாக நின்றனர். முறையான ஆட்டங்களில் எஞ்சியிருந்தது இஃது ஒன்றே.

சுங்கை ரம்பாயிலிருந்து மூவார், பத்து பகாட் வழியாகத் தெற்கே சென்று ஜொகூர் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். நம் வாயிலின் அருகே நடந்த அந்த ஆட்டத்தில் வென்றவர் யார் என்பதை எல்லாரும் அறிவர். அதில் ஆடப்பட்ட தொடக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தோர் சிலரே. அத்தொடக்கத்தின் அறியப்பட்ட முதல் ஆட்டம், 169 ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவில் வங்காளத்து அந்தணர் ஒருவரால் ஆடப்பட்டது. இரண்டு ஆட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முதல் நகர்வுகள் ஏறத்தாழக் கண்ணாடியில் தெரியும் உருவம்போல் ஒத்திருப்பதைக் காணலாம். அவ்வொற்றுமையையும், அதில் குறைந்து நின்ற ஒரே ஒரு நகர்வையும், அக்குறையின் விளைவையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

காய்களின் பெயர்கள்

சதுரங்கம் என்னும் வடசொல் நான்கு உறுப்புகளையுடையது என்று பொருள்படும். யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நாற்படையே அந்நான்கு உறுப்புகள். இவ்விளையாட்டு இந்தியாவினின்று மேற்கே பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்கும், கிழக்கே கடல் வழியாக மலாய் நாட்டிற்கும் சென்றது. மலாய் மொழியில் இன்றும் இதன் பெயர் 'சாத்தூர்'. செஜாரா மெலாயு என்னும் வரலாற்று நூல், பாசையிலிருந்து மலாக்காவுக்கு வந்து ஒப்பாரின்றி ஆடிய துன் பஹாரா என்னும் சதுரங்க வல்லுநரைக் குறிப்பிடுகிறது. ஆகவே மலாக்கா மண்ணுக்குச் சதுரங்கம் புதியதன்று.

மலாய்ப் பெயர்களில் தமிழாசிரியர் கருதத்தக்க ஒன்று உண்டு. பலகையின் நான்கு மூலைகளிலும் நிற்கும் காய்க்கு மலாய் மரபில் 'தீர்' என்பது பெயர். அது தமிழின் 'தேர்' என்னும் சொல்லே எனச் சதுரங்க வரலாறு ஆராய்ந்தோர் கருதுவர். பழைய நாற்படையில் அம்மூலையில் நின்றது தேர். தமிழ்நாட்டில் அக்காய் பின்னாளில் யானை என்றும் கோட்டை என்றும் பெயர் மாறிவிட்டது. நாம் கைவிட்ட சொல்லை மலாய் மொழி காத்து வைத்திருக்கிறது.

இக்கட்டுரையில் அரசர், அரசி, அமைச்சர், குதிரை, கோட்டை, காலாள் என்னும் பெயர்களே ஆளப்படும். மந்திரி, யானை, சிப்பாய் என்று வழங்குவோர் முறையே அமைச்சர், கோட்டை, காலாள் என்று கொள்க. காலாள் ஒவ்வொன்றும் தனக்குப் பின்னால் நிற்கும் காயின் பெயரால் அழைக்கப்படும். அரசியின் முன் நிற்பது அரசிக் காலாள்; குதிரையின் முன் நிற்பது குதிரைக் காலாள். அமைச்சர், குதிரை, கோட்டை ஆகியவை இரண்டிரண்டு ஆதலால், அரசர் பக்கத்துக் குதிரை, அரசி பக்கத்து அமைச்சர் என்று பக்கம் சுட்டி வேறுபடுத்துவது வழக்கம்.

தொடக்கம் என்பது யாது?

ஆட்டத்தின் முதற்பகுதியைத் தொடக்கம் என்பர். காய்கள் தத்தம் இருப்பிடத்தை விட்டு வெளிவந்து, போருக்கு ஏற்ற இடங்களில் நிற்கும் வரையுள்ள நகர்வுகள் அதில் அடங்கும். எண்ணற்ற வழிகள் இருப்பினும், பல்லாண்டுப் பயிற்சியால் நல்லவை எனத் தேர்ந்த வழிகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஆடினோர் பெயராலும், ஊர்ப் பெயராலும், நாட்டுப் பெயராலும் அவை வழங்கும்.

எல்லாத் தொடக்கங்களும் ஒரு கேள்விக்கு விடை கூறுகின்றன. பலகையின் நடுவிலுள்ள நான்கு கட்டங்களை யார் ஆள்வது என்பதே அக்கேள்வி. நடுக்களத்தை ஆள்பவரின் காய்கள் இரு பக்கமும் விரைந்து செல்ல இயலும். பழைய ஐரோப்பியர் கண்ட விடை எளியது: காலாட்களை இரண்டிரண்டு கட்டம் முன்தள்ளி, நடுக்களத்தைக் கைப்பற்று. மற்றொரு விடையும் உண்டு: எதிரி நடுக்களத்தில் காலாட்களை நிறுத்தட்டும், அவற்றைத் தொலைவிலிருந்து தாக்கு, அவற்றைக் காப்பதே அவனுக்குச் சுமையாகட்டும். இந்த இரண்டாம் விடை ஐரோப்பாவில் மதிப்புப் பெற இருபதாம் நூற்றாண்டு ஆயிற்று. வங்காளத்திலோ அது முன்னரே ஆட்டத்தில் இருந்தது.

கல்கத்தாவில் இருவர்

ஜான் காக்ரேன் என்பவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வழக்கறிஞர். ஐரோப்பாவில் சிறந்த வீரர்களோடு ஆடியவர். இளமையிலேயே சதுரங்கம் பற்றி நூல் எழுதியவர். கல்கத்தாவில் வழக்கறிஞர் தொழில் நடத்தியபோது தமக்கு ஈடானவர் கிடைக்காமல் இருந்தார். 1848 ஆம் ஆண்டளவில், நகருக்கு வெளியே ஓர் ஊரில் தோல்வியே அறியாத அந்தணர் ஒருவர் இருப்பதாகக் கல்கத்தாச் சதுரங்கக் கழகத்தார் அறிந்தனர். அவரே மகேசசந்திர பானர்ஜி. அன்று முதல் இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினர். காக்ரேனே பெரும்பாலும் வென்றார். ஆயினும் மகேசசந்திரர் ஆடிய முறை ஐரோப்பியருக்கு வியப்பளித்தது.

அவ்வியப்புக்குக் காரணம் ஆட்டவிதியில் இருந்தது. இந்திய நாட்டுச் சதுரங்கத்தில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். இரண்டு கட்டம் தாவும் உரிமை அதற்கு இல்லை. அரசர் கோட்டை கட்டும் முறையும் வேறு. அரசர் ஒருமுறை மட்டும் குதிரைபோல் தாவலாம். இவ்விதிகளில் பயின்றவருக்கு நடுக்களத்தை உடனே பிடிக்கும் ஆசை எழாது. குதிரைக் காலாளை ஒரு கட்டம் நகர்த்தி, அது விட்ட இடத்தில் அமைச்சரை நிறுத்தி, அங்கிருந்து பலகையின் நெடிய மூலைவிட்டம் முழுவதையும் நோக்கச் செய்வதே இயல்பாகத் தோன்றும். மகேசசந்திரர் ஐரோப்பிய விதிகளைக் கற்ற பின்னும் இப்பழக்கத்தை விடவில்லை. இவ்வகை ஆட்டங்களே பின்னாளில் இந்தியத் தற்காப்பு என்னும் பொதுப்பெயர் பெற்றன.

1855 ஆம் ஆண்டு மே மாதத்தில் இருவரும் ஆடிய ஓர் ஆட்டம் நமக்குக் கிடைத்துள்ளது. வெள்ளை காக்ரேன், கறுப்பு மகேசசந்திரர். காக்ரேன் அரசிக் காலாளை இரண்டு கட்டம் நகர்த்தினார். மகேசசந்திரர் அரசர் பக்கத்துக் குதிரையை வெளியே கொண்டுவந்தார். வெள்ளை, அரசி பக்கத்து அமைச்சர்க் காலாளை இரண்டு கட்டம் தள்ளியது. கறுப்பு, அரசர் பக்கத்துக் குதிரைக் காலாளை ஒரு கட்டம் நகர்த்தியது. வெள்ளை அரசி பக்கத்துக் குதிரையைக் கொணர்ந்தது.

இதுகாறும் கறுப்பு ஒதுங்கியே நின்றது. மூன்றாம் நகர்வில் மகேசசந்திரர் தம் அரசிக் காலாளை இரண்டு கட்டம் தள்ளி நடுக்களத்தில் மோதினார். இந்தத் தொடக்கத்தின் உயிர்நிலை இதுவே. நடுக்களத்தை விட்டுக்கொடுத்தவன் அதை மறந்துவிடவில்லை என்று அந்தக் காலாள் அறிவிக்கிறது. பின்னர் அமைச்சர் நெடிய மூலைவிட்டத்தில் அமர்ந்தார். கறுப்பு அரசர் கோட்டை கட்டிக்கொண்டார். ஆறாம் நகர்வில் வெள்ளையின் அமைச்சர்க் காலாள் கறுப்புக் காலாளை வெட்ட, கறுப்புக் குதிரை அதைத் திரும்ப வெட்டி நடுவில் நின்றது. அடுத்து மகேசசந்திரர் அக்குதிரையால் வெள்ளைக் குதிரையை வெட்டினார். எட்டாம் நகர்வில் அமைச்சர்க் காலாளைத் தள்ளி நடுக்களத்தை மீண்டும் தாக்கினார். ஒன்றன்பின் ஒன்றாக வந்த இந்தத் தாக்குதல்கள் இன்றைய நூல்கள் கற்பிக்கும் முறையே.

ஆட்டத்தில் மகேசசந்திரர் தோற்றார். பதினெட்டாம் நகர்வில் காக்ரேனின் குதிரை, கறுப்பு அரசரின் அருகிலிருந்த காலாளை வெட்டிப் புகுந்தது. அக்குதிரைக்குப் பின்னே, அதே மூலைவிட்டத்தில், வெள்ளை அரசி நின்றிருந்தது. அதைக் கருதாமல் கறுப்பு தன் குதிரையால் அரசியைத் தாக்கியது. வெள்ளைக்கு மூன்று நகர்வுகள் போதுமாயின. குதிரை விலகும்போது குதிரையும் அரசியும் ஒருங்கே அரசருக்கு இரட்டைத் தாக்கு வைக்கும். அரசர் மூலைக்கு ஓடுவார். அரசி தன்னைப் பலியிட்டுக் கறுப்புக் கோட்டையை அரசர் பக்கத்தில் இழுக்கும். தன் படையாலேயே நாற்புறமும் அடைபட்ட அரசரைக் குதிரை முடித்துவிடும். ஒரு குதிரையின் கையில் அரசர் மூச்சடைந்து மடியும் இம்முடிவு, இன்றும் மாணவர்க்குக் கற்பிக்கத்தக்கது.

தோல்விக்குக் காரணம் அந்தத் தொடக்கமன்று. பதினெட்டாம் நகர்வின் கவனக்குறைவே. எட்டாம் நகர்வு வரை கறுப்பின் நிலையில் குறை கூற இடமில்லை.

பெயர் யாருக்குச் சென்றது?

இதே தொடக்கம் இன்று மகேசசந்திரர் பெயரால் வழங்கவில்லை. குரூன்ஃபெல்ட் தற்காப்பு என்றே வழங்குகிறது. வியன்னா நகரத்து எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் 1922 ஆம் ஆண்டில் அனைத்துலகப் போட்டிகளில் இதை ஆடினார். அவ்வாண்டிலேயே, பின்னாளில் உலக வீரராகவிருந்த அலெக்காயினை இதே தொடக்கத்தால் வியன்னாவில் வென்றார். அதனால் உலகம் இதை அவர் பெயரோடு இணைத்தது.

இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. குரூன்ஃபெல்ட் இத்தொடக்கத்தை நன்கு ஆராய்ந்து, வலிய எதிரிகளிடம் ஆடி, அதன் தகுதியை நிறுவினார். ஆயினும் ஒன்றை நோக்க வேண்டும். காக்ரேன் மகேசசந்திரரோடு 1848 இல் ஆடிய ஓர் ஆட்டத்தில், குதிரையைப் பலியிட்டு எதிரியின் அரசரை வெளியே இழுக்கும் ஓர் உத்தியைக் கையாண்டார். அது இன்றும் காக்ரேன் பலி என்று அவர் பெயரால் நிற்கிறது. ஒரே பலகையின் இரு பக்கத்திலும் புதுமை தோன்றியது. ஒரு பக்கத்தில் இருந்தவர் பெயர் நூல்களில் ஏறியது. மறுபக்கத்தில் இருந்தவருக்கு 'இந்திய' என்னும் நாட்டுப் பெயரே எஞ்சியது.

ஆயினும் மகேசசந்திரரின் ஆட்டங்கள் நமக்குத் தெரிவது எழுத்தினால்தான். காக்ரேனைச் சார்ந்தோர் நகர்வுகளைக் குறித்து வைத்தனர். இங்கிலாந்தின் சதுரங்க இதழ்கள் அவற்றை அச்சிட்டன. கல்கத்தாவுக்கு வராத ஊர்களில், திண்ணையிலும் ஆலமரத்தடியிலும் அவர்போல் ஆடியோர் எத்தனை பேரோ? அவர்கள் ஆட்டங்கள் எழுதப்படவில்லை; ஆகவே அவை இல்லாதன போல் ஆயின.

சிங்கப்பூர் ஆட்டம்

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். திங் லிரென் 2023 இல் அஸ்தானாவில் உலகப் பட்டம் பெற்றவர். குகேஷ் 2024 ஏப்ரலில் தொரந்தோவில் நடந்த தகுதிப்போட்டியில் முதலிடம் பெற்று அவரோடு மோதும் உரிமை அடைந்தார். போட்டி நவம்பர் 25 இல் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் திங் வென்றார். மூன்றாவதில் குகேஷ் வென்றார். பின்னர் ஏழு ஆட்டங்கள் தொடர்ந்து சமனாயின. பதினொன்றாவதில் குகேஷ் வெல்ல, பன்னிரண்டாவதில் திங் ஈடு செய்தார். பதின்மூன்றாவது சமன். பதினான்காவதும் சமனானால், மறுநாள் விரைவாட்டங்களால் பட்டம் தீர்மானிக்கப்படும்.

அந்நிலையில் திங் தேர்ந்த தொடக்கம் கவனிக்கத்தக்கது. வெள்ளைக் காய்களை வைத்துக்கொண்டே அவர் கறுப்பின் வழியை ஆடினார். முதலில் அரசர் பக்கத்துக் குதிரை. அடுத்து அப்பக்கத்துக் குதிரைக் காலாள் ஒரு கட்டம். அடுத்து அமைச்சர் நெடிய மூலைவிட்டத்தில். நான்காவதாக அரசிக் காலாள் இரண்டு கட்டம். ஐந்தாவதாகக் கோட்டை கட்டுதல். ஆறாவதாக நடுவில் குதிரையால் காலாளை வெட்டுதல். மகேசசந்திரர் 1855 இல் கறுப்புக் காய்களால் செய்த முதல் ஆறு நகர்வுகளும் இவையே. மூன்றாவதும் நான்காவதும் மட்டும் முன்பின்னாக மாறியுள்ளன. வல்லுநர் இதைத் திருப்பிய குரூன்ஃபெல்ட் என்பர்.

குகேஷின் நகர்வுகளையும் நோக்குக. அரசிக் காலாள் இரண்டு கட்டம். அரசி பக்கத்து அமைச்சர்க் காலாள் இரண்டு கட்டம். அரசி பக்கத்துக் குதிரை. அரசர்க் காலாள் ஒரு கட்டம். பின்னர் அமைச்சர்க் காலாளால் வெட்டுதல். காக்ரேன் வெள்ளையால் செய்தவையும் இவையே. காக்ரேன் இவற்றோடு அரசர் பக்கத்துக் குதிரையையும் வெளியே கொண்டுவந்திருந்தார். அவர் வெள்ளை, முதலில் நகரும் உரிமை அவருடையது. குகேஷுக்கு அந்த ஒரு நகர்வு இல்லை. இரண்டு நிலைகளுக்கும் வேறுபாடு அந்த ஒரு குதிரையே.

திங் கல்கத்தா ஆட்டத்தை எண்ணி ஆடினார் என்பது இதன் பொருளன்று. நல்ல வழி ஒன்றே ஆதலால், இரு நூற்றாண்டுகளில் இரு நாட்டார் அதில் நடந்தனர். ஆனால் வரலாற்றின் இருக்கைகள் மாறிவிட்டன. இந்தியர் கண்ட முறையை வெள்ளைக் காய்களால் சீனத்து வீரர் ஆடினார். அதற்கு எதிரே, அன்று ஐரோப்பியர் அமர்ந்த இருக்கையில், இந்தியர் அமர்ந்தார்.

குறைந்த நகர்வும் அதன் மீட்பும்

ஒரு நகர்வு குறைந்த குகேஷ் என்ன செய்தார்? காக்ரேன் தம் குதிரையை வைத்த இடத்தில் இவர் வைக்கவில்லை. அரசரின் முன்னே இருந்த கட்டத்தில் வைத்தார். அவ்விடம் பார்வைக்கு ஒடுங்கியது. ஆனால் அங்கிருந்து மற்றக் குதிரைக்குத் துணை நிற்கலாம். திங் அரசி பக்கத்து அமைச்சர்க் காலாளை இரண்டு கட்டம் தள்ளி நடுக்களத்தைத் தாக்கினார். மகேசசந்திரர் குதிரைகளை வெட்டிய பின் இதைச் செய்தார். திங் வெட்டாமலே செய்தார். உடனே குகேஷ் தம் குதிரையால் நடுவிலிருந்த வெள்ளைக் குதிரையை வெட்டினார். வெள்ளை அரசி அதைத் திரும்ப வெட்டி நடுவுக்கு வந்தது. ஒடுங்கி நின்ற கறுப்புக் குதிரை இப்போது முன்வந்து அரசியைத் தாக்கிற்று. அரசி தன் பழைய இடத்திற்கே திரும்ப நேர்ந்தது. சென்றதும் வந்ததுமாக இரண்டு நகர்வுகள் வீணாயின. தனக்குக் குறைந்திருந்த காலத்தைக் கறுப்பு இவ்வாறு மீட்டுக்கொண்டது. ஒன்பதாம் நகர்வில் கறுப்பின் அரசிக் காலாள் மேலும் ஒரு கட்டம் முன்சென்று, எதிரியின் பாதியில் நின்றது.

இதனால் கறுப்பு வென்றுவிட்டது என்று கொள்ளலாகாது. திங் அரசர்க் காலாளால் அந்தக் காலாளைத் தாக்கிப் பரிமாறிக்கொண்டார். பின்னர் நடந்த போரில் குதிரைகளும் ஓரிணை அமைச்சர்களும் மறைந்தன. இருபத்திரண்டாம் நகர்வில் இருவரிடமும் சமமான படையே இருந்தது. தொடக்கத்தின் கணக்கு அங்கே தீர்ந்துவிட்டது. யாருக்கும் கடனில்லை.

பாதுகாப்பின் விலை

இதன்பின் திங் வெற்றிக்கு முயலவில்லை. காய்களைப் பரிமாறிச் சமன் செய்வதே அவர் நோக்கமாயிற்று. இருபத்தொன்பதாம் நகர்வில் அரசி பக்கத்தில் எஞ்சிய தம் காலாளைத் தாமே கொடுத்தார். பதிலுக்கு அரசிகளும் ஓரிணைக் கோட்டைகளும் பரிமாறப்பட்டன. எஞ்சியவை இருவர்க்கும் ஒரு கோட்டை, ஒரு அமைச்சர். கறுப்புக்கு மூன்று காலாள், வெள்ளைக்கு இரண்டு. காலாட்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் நின்றன. சரியாகக் காத்தால் இது சமன் என்பதில் வல்லுநர்க்கு ஐயமில்லை. கணக்கின்படி திங் செய்தது தவறன்று.

ஆனால் 'சரியாகக் காத்தால்' என்னும் சொற்களில் ஒரு விலை அடங்கியுள்ளது. காலாள் மிகுந்தவர்க்குத் தோற்கும் அச்சம் இல்லை. அவர் விரும்பும் வரை ஆடலாம். காலாள் குறைந்தவரோ ஒவ்வொரு நகர்விலும் பிழையின்றி இருக்க வேண்டும். குகேஷ் இதை உணர்ந்து, சமன் கோராமல் ஆடினார். காலாட்களை மெல்ல முன்னேற்றினார். கோட்டையை இங்கும் அங்கும் நகர்த்தினார். ஒவ்வொரு நகர்விலும் ஒரு சிறிய கேள்வி கேட்டார். திங் இருபதுக்கு மேற்பட்ட நகர்வுகள் தக்க விடையளித்தார். காலாட்கள் பரிமாறப்பட்டுக் கறுப்புக்கு இரண்டும் வெள்ளைக்கு ஒன்றுமாகக் குறைந்தன. சமன் இன்னும் அருகில் வந்ததுபோல் தோன்றிற்று.

ஐம்பத்திரண்டாம் நகர்வில் கறுப்புக் கோட்டை வெள்ளை அமைச்சரைத் தாக்கிற்று. திங் அமைச்சரைப் பலகையின் மூலைக்குக் கொண்டுபோனார். மூலையில் நிற்கும் அமைச்சருக்கு ஒரே ஒரு பாதைதான் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்க.

ஐம்பத்தைந்தாம் நகர்வில் திங் தம் கோட்டையைக் கறுப்புக் கோட்டையின் எதிரே வைத்துப் பரிமாற்றம் கோரினார். காய்கள் குறையக் குறையச் சமன் உறுதி என்னும் எண்ணமே அவரை அங்கே கொண்டு சென்றது. கோட்டைகள் பரிமாறப்பட்டன. உடனே குகேஷ் தம் அமைச்சரை மூலை அமைச்சரின் ஒரே பாதையில், தம் அரசரின் காவலோடு, எதிரே நிறுத்தினார். விலக வேறு வழியில்லை. ஆகவே அமைச்சர்களும் பரிமாறப்பட்டே தீர வேண்டும். வெள்ளை அமைச்சர் மூலையில் இல்லாமல் வேறு இடத்தில் நின்றிருந்தால் தப்பியிருக்கும்.

இப்போது பலகையில் அரசர்களும் காலாட்களும் மட்டுமே. கறுப்புக்கு இரண்டு காலாள், வெள்ளைக்கு ஒன்று. ஐம்பத்தெட்டாம் நகர்வில் கறுப்பு அரசர் வெள்ளை அரசரின் நேர் எதிரே, இடையில் ஒரு கட்டம் விட்டு நின்றார். நகர வேண்டியவர் வெள்ளை. எங்கே நகர்ந்தாலும் கறுப்பு அரசருக்கு வழிவிட்டாக வேண்டும். திங் ஆட்டத்தை ஒப்புக்கொடுத்தார். ஏழரைக்கு ஆறரை என்னும் கணக்கில் குகேஷ் உலகப் பட்டம் பெற்றார். 1985 இல் இருபத்திரண்டாம் அகவையில் பட்டம் பெற்ற காஸ்பரோவே அதுவரை மிக இளையவராக இருந்தார். குகேஷ் அதைப் பதினெட்டிலேயே எய்தினார்.

அந்த ஐம்பத்தைந்தாம் நகர்வைக் கண்டவுடன் தமக்கும் அதன் பிழை புலப்படவில்லை என்றும், வேறொரு நகர்வை ஆடவிருந்து, பின்னரே உண்மையைக் கண்டதாகவும் குகேஷ் பிறகு கூறினார். எளிதாகத் தோன்றும் நேரத்திலும் நின்று பார்க்கும் பழக்கமே அவருக்குப் பட்டம் தந்தது.

இரு ஆட்டங்களும் உணர்த்துவது

கல்கத்தாவிலும் சிங்கப்பூரிலும் இந்தத் தொடக்கத்தை ஆடியவரே தோற்றார். இதைக் கொண்டு தொடக்கம் தீயது என்று முடிவு கட்டுவது பிழை. இரு ஆட்டங்களிலும் தொடக்கம் தன் பணியைச் செவ்வனே செய்தது. ஆடியவருக்குத் தாழ்வில்லாத நிலையைத் தந்தது. முன்னதில் பதினெட்டாம் நகர்விலும், பின்னதில் ஐம்பத்தைந்தாம் நகர்விலும் நேர்ந்த ஒரு கணத்தின் கவனக்குறைவே முடிவைத் தந்தது. தொடக்கங்களை நெட்டுருச் செய்யும் மாணவர் இதை அறிதல் நன்று. நூலில் உள்ள நகர்வுகள் எட்டோ பத்தோ. எஞ்சியவற்றைத் தாமே கண்டு ஆட வேண்டும்.

இருவர் தவறும் ஒரு தன்மையன அல்ல. மகேசசந்திரர் தாக்க விரைந்து தம் அரசரை மறந்தார். திங் காப்பதிலேயே கருத்தாக இருந்து, காக்கும் வழியின் கடைசிப் படியை எண்ணாமல் விட்டார். ஒருவர் துணிவால் தவறினார். மற்றவர் அச்சத்தால் தவறினார். மாணவர் கட்டுரைகளிலும் கணக்குகளிலும் இவ்விரு பிழைகளையும் ஆசிரியர் நாள்தோறும் காண்பர்.

இரண்டாவது, எழுதி வைத்தலின் பயன். மகேசசந்திரரின் பெயர் தொடக்கத்திற்கு வாய்க்கவில்லை. எனினும் அவர் நகர்வுகள் தாளில் இருப்பதால், 169 ஆண்டுகளுக்குப் பின் ஓர் உலகப் பட்ட ஆட்டத்தோடு அவற்றை ஒப்பிட முடிகிறது. நம் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் ஆடும் பிள்ளைகள், வென்றாலும் தோற்றாலும், நகர்வுகளைத் தமிழிலேயே குறித்து வைக்கும் பழக்கத்தை மேற்கொள்ளலாம். குறிப்பேடு ஒன்றும் பென்சில் ஒன்றும் போதும். தோற்ற ஆட்டத்தை மறுநாள் பலகையில் மீண்டும் வைத்து, எந்த நகர்வில் வழி தவறிற்று என்று தேடுவதைவிட நல்ல பாடம் சதுரங்கத்தில் இல்லை.

வகுப்பில் இதைக் காட்ட எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு பலகைகளை அருகருகே வைக்க. ஒன்றில் கல்கத்தா ஆட்டத்தின் முதல் ஆறு நகர்வுகளை ஆடுக. மற்றொன்றில் சிங்கப்பூர் ஆட்டத்தை, வெள்ளை தன் ஆறாம் நகர்வை முடிக்கும் வரை ஆடுக. இரண்டாம் பலகையை, கறுப்புக் காய்கள் தன் பக்கம் இருக்குமாறு திருப்பி வைத்து, இரண்டிற்கும் வேறுபாடு என்ன என்று மாணவரைக் கேட்க. நிறமும் அரசர், அரசி நிற்கும் பக்கமும் மாறியிருப்பதை அவர்கள் முதலில் சொல்வர். பின்னர், சற்றுக் கூர்ந்து நோக்குவோர், புறப்படாமல் தன் இடத்திலேயே நிற்கும் ஒரு கறுப்புக் குதிரையைக் காண்பர். அக்குதிரையை எங்கே வைப்பது என்று அவர்களையே எண்ணச் செய்து, அதன்பின் குகேஷ் வைத்த இடத்தைக் காட்டினால், தொடக்கம் என்பது மனப்பாடமன்று, சிந்தனை என்பது அவர்களுக்கு விளங்கும்.